கூடக் குறைய

“அது எரிமலைச் சாம்பலேதான் மேடம். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்!”

நிலவியலாளர் உட்காராமலே பேசினார். எங்கோ வெடித்த எரிமலையின் சாம்பல் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு வரைக்கும் வந்து படிந்தது என்று அவரும் இளமையிலிருந்து தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டார். கருத்தரங்குகளில் சிரித்தார்கள். போன வாரம்தான், கரையோர மண்சுவரில், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு கண்ணில் பட்டது. சுரண்டிப் பொட்டலம் கட்டி, வயதைக் கணிக்கும் இந்த ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் சொல்லியும் விட்டார். இது பொய்த்தால் மானம் கப்பலேறிவிடும்.

ஆய்வகத் தலைவி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்து மேசையில் இன்னொரு ஆய்வாளர் கல்லை அறுத்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு வயசு இருக்கும்னு நினைக்கிறீங்க சார்?”

“எழுபதாயிரம் வருஷம்.”

“கூடக் குறைய?”

“ஒரு ரெண்டாயிரம்.”

எந்த வயதைச் சொன்னாலும் தலைவி அடுத்துக் கேட்பது இதைத்தான். அதைச் சொல்லாத வயதுக்கு இந்தத் தொழிலில் மதிப்பே கிடையாது.

“எரிமலைச் சாம்பல்னா கண்ணாடித் துணுக்கு இருக்கணும் சார். இதுல மருந்துக்குக்கூட இல்ல. பாதி களிமண். மீதி சாம்பல்தான், ஒத்துக்கறேன். ஆனா கருகின இலையோட சாம்பல்.”

நிலவியலாளர் அசரவில்லை. “பார்த்தீங்களா! சூட்டோட வந்து விழுந்து காட்டையே எரிச்சிருக்கு!”

“சுரண்டும்போது பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

“ஈ, காக்கா இல்ல.”

“பொட்டலத்தை வேற யாராவது தொட்டாங்களா?”

“நானே சுரண்டி, நானே கட்டி, நானே ஒட்டினேன். அடுத்தவன் மூச்சுக்காத்துகூடப் பட்டிருக்காது. ஏதாவது கலந்திருந்தா அதுக்கு நான்தான் பொறுப்பு!”

“உறுதியா?”

“எழுதியே தர்றேன் மேடம்.”

கல் அறுத்துக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, டீ குடிக்கக் கிளம்பினார். கதவு சாத்திக்கொண்டது.

தலைவி வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

“எழுதியெல்லாம் தர வேண்டாம். அது என்ன இலைன்னு கேக்கவே இல்லையே?”

“என்ன இலை?”

“புகையிலை.”

நிலவியலாளரின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது.

“ஏங்க,” என்றாள் அவள், வீட்டுக் குரலில். “சிகரெட்டை விட்டு நாலு வருஷம் ஆச்சுன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினீங்களே… அதுல கூடக் குறைய எவ்வளவு?”