பொருக்கு

வாஸ்லினை விரலில் எடுத்துவிட்டாள்.

விரல் அவன் கைக்கு மேலே நின்றுவிட்டது.

முன்னங்கையில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். படகில் பழைய பெயின்டைச் சுரண்டும்போது தகரம் இழுத்துவிட்டது. பெரிய ஆழமில்லை. ஓரத்தில் பொருக்குக் கட்டத் தொடங்கியிருந்தது.

"என்னம்மா, பாத்துட்டே இருந்தா ஆறிருமா?"

சஜின். இளையவன். இப்போது இருக்கிற ஒருத்தன்.

மீன்பிடித் தடை இன்றோடு முடிகிறது. விடியுமுன் படகு போகும். அவனும் போகிறான்.

மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். புண்ணைக் காயவிடக் கூடாது. பசையோடே வைத்து மூட வேண்டும். வெயில் படக் கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. அப்படிப் பார்த்துக்கொண்டால் தடமே இருக்காது.

போயும் போயும் அவளிடம் சொல்கிறார்.

எந்தக் கடைக்காரரும் சொல்லித் தராத காலத்திலேயே இதையெல்லாம் செய்தவள். கொதித்து ஆறின தண்ணீரில் கழுவுவாள். எண்ணெய்ப் பசை காயாமல் பார்த்துக்கொள்வாள். பழைய வேட்டித் துணியை அவித்து எடுத்துக் கட்டுவாள். மூத்தவன் கிளீட்டஸ் சின்னதில் தூக்கத்தில் சொறிவான் என்று, இரண்டு கையிலும் துணிப்பை மாட்டிவிட்டுப் படுக்கப் போடுவாள்.

"கை எடுலேய்."

மீன் அரிந்துகொண்டிருப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். பையன் கை பொருக்குப் பக்கம் போனால் அவள் முதுகுக்குத் தெரிந்துவிடும்.

"கை எடுலேய்!"

கிளீட்டஸ் வளர்ந்தான். கடலுக்குப் போனான். கயிறு அறுத்தது. முள் ஏறியது. தூண்டில் மாட்டியது. கரைக்கு வந்ததும் அவள் முன்னால் வந்து கையை நீட்டுவான். ஒன்றும் தடம் வைக்கவில்லை.

கூட்டாளிகள் கேலி செய்தார்கள். "நீ தொழிலுக்கு வாறியா, சினிமாவுக்குப் போறியாலேய்?"

அவளுக்கு உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமையில் அடுத்த வீட்டுச் சிலுவம்மாளைத் திட்டியும் இருக்கிறாள். அவள் புருஷன் காலைத் திருக்கை மீன் வால் கிழித்தபோது, மஞ்சளை அப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். சீழ் வைத்தது. மாசக்கணக்கில் இழுத்தது. கடைசியில் கெண்டைக்காலில் கயிறு திரித்துப் போட்டது போல் ஒரு தழும்பு.

"ஒழுங்கா பாத்திருந்தா இப்பிடி வருமாடி? மனுசன் காலா இது?"

சிலுவம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன வருஷம் புயல் வந்தது.

கிளீட்டஸும் சிலுவம்மாள் புருஷனும் ஒரே படகு.

கரை ஒதுங்கியவர்களைப் பிணவறையில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மீன் தின்றது போக மீதி. தண்ணீர் குடித்து ஊதி, எல்லாரும் ஒரே ஆளாக இருந்தார்கள்.

சிலுவம்மாள் முகத்துப் பக்கம் போகவே இல்லை. கால்மாட்டோடு நடந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"எனக்க மனுசன்!"

ஒரே கத்து. அந்தக் கெண்டைக்காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். அன்று சாயந்திரமே ஊருக்குக் கொண்டுபோய், பேர் சொல்லி, பூசை வைத்து அடக்கினாள்.

இவளிடம் போலீஸ்காரர் கேட்டார். தணிவாகத்தான் கேட்டார்.

"ஏதாவது அடையாளம் சொல்லுங்கம்மா. வெட்டு, தழும்பு, பச்சை குத்துனது..."

முதுகில் ஒரு மச்சம் உண்டு. முதுகுகளில் தோல் உரிந்து கிடந்தது. ஆழமான தழும்புதான் நிற்கும் என்றான் பிணவறை ஆள்.

நின்றாள்.

பெற்ற உடம்பு. கழுவி வளர்த்த உடம்பு. எந்த இடத்தில் எப்போது என்ன பட்டது என்று ஒன்று விடாமல் தெரியும்.

ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அவளே ஆற்றிவிட்டிருந்தாள்.

ஒத்துப் பார்க்க என்று அவள் இரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மிஞ்சியவர்களைப் பேரில்லாமல் அடக்கினார்கள். எது அவன் குழி என்று தெரியாமல், எல்லாக் குழியிலும் மெழுகுதிரி வைத்துவிட்டு வந்தாள்.

அதில் எதிலுமே அவன் இல்லாமலும் இருக்கலாம்.

"எம்மா." சஜின் கையை ஆட்டினான். "போடும்மா. தழும்பு விழுந்தா எனக்கு எவன் பொண்ணு தருவான்?"

அவள் மற்றக் கையால் டப்பாவை மூடினாள்.

"வெயில்ல போயி இரி மக்கா."

"வெயில் படப்பிடாதுன்னுல்லா நீதான சொல்லுவ?"

சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

சிரிப்பு நின்றது.

அன்றைக்குப் பிணவறையில் அவள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்.

சட்டைக் கையை இன்னும் மேலே மடக்கிவிட்டான். எழுந்து போனான்.

உச்சி வெயில். மணல் கொதித்தது. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் உட்கார்ந்து, கையைத் தொடையில் வைத்தான். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு நகத்தைப் பொருக்கின் ஓரத்தில் கொடுத்தான்.

வாசலில் நின்ற அவளுக்கு வாய் வரை வந்துவிட்டது.

கை எடுலேய்.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விரலில் எடுத்த வாஸ்லின் அப்படியே இருந்தது. எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றாள்.