சென்சார் சொன்ன பொய்

"ஐம்பத்தொரு டிகிரி. இன்னைக்கும் யாரோ போட்டிருக்காங்க" என்றார் சூசைரட்ணம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் ஆபீஸ் கிளாக்கர். குவாட்டர்ஸ் முன்னறையில் இருந்த கம்ப்யூட்டருக்கு வயது பத்துக்கு மேல். அதன் உள்சூட்டைக் காட்டும் புரோகிராம் ஒன்றை யூடியூப் பார்த்துப் போட்டதிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது.

காலையில் அணைத்துவிட்டுப் போன பெட்டி, ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாத இந்தக் குளிரில், சாயங்காலம் போட்டவுடன் இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஆனால் மூன்று வாரமாக ஐம்பதுக்குக் குறையவில்லை. யாரிடமும் சொல்லாமல் மகளின் பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைத்துப் பார்த்தார். அப்போதும் குறையவில்லை.

"எவனோட பேசுற?" என்று மகள் அனுஷ்காவைக் கேட்டார். ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறவள், அவர் வருவதற்கு வெகு முன்பே பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுகிறவள்.

"நான் அதத் தொடவே இல்லப்பா."

"அப்ப சூடு தானா வந்துச்சா? இனிமே சனிக்கிழமை ஹட்டனுக்கு கிளாஸும் கிடையாது, ஒன்னும் கிடையாது."

அனுஷ்கா அழவில்லை. விரித்து வைத்திருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவள் அம்மா பவுலின், கணவனிடம் வந்தாள்.

"புள்ளைய வையிறதுக்கு முந்தி, டவுன்ல கம்ப்யூட்டர் கடை தர்ஷன் தம்பியக் கூப்பிட்டு ஒருக்கா காட்டுங்க. மிஷினும் பழசுதானே."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் தர்ஷன் வந்தான். பெட்டியைத் திறந்து தூசி தட்டினான். ஸ்விட்சைப் போட்டு, பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில் படபடவென்று தட்டி உள்ளே போனான். சூசைரட்ணம் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

திரையில் இருபத்திரண்டு.

"இன்னைக்கு மட்டும் எப்படி இம்புட்டு கொறஞ்சுச்சு?"

"அதாங்க ஐயா. ஒரு நாளைக்கு அம்பது, ஒரு நாளைக்கு இருபது. சென்சார் செத்துட்டா இப்படித்தான், வாய்க்கு வந்ததச் சொல்லும். அத நம்பாதீங்க."

செத்துப்போன ஒரு சென்சாரை நம்பிப் பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டதை நினைக்க சூசைரட்ணத்துக்குக் கூசியது.

"இப்பதான் தம்பி மனசு லேசாச்சு. ஆபீஸ்ல இருக்குற தலவலி போதாதுன்னு வீட்டுலயும் இதா இருந்துச்சு."

"ஆபீஸ்ல என்னங்க ஐயா?"

"தொழிலாளிங்க இருக்குற லயத்துக் கூரை ஒழுகுது, தண்ணி பைப்பு இல்லன்னு கொழும்புக்கு மனு மேல மனுவா போகுது. இதுவரைக்கும் அஞ்சு. எல்லாம் டைப் பண்ணினது, ஒரு எழுத்துப் பிழை இல்ல. எழுதுறது யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி தோட்டத்துத் தொரை என்னையதான் ஏவியிருக்காரு. ஆளு மட்டும் கையில கெடைக்கட்டும்."

"கஷ்டம்தாங்க" என்று தர்ஷன் குனிந்து பெட்டியின் மூடியைத் திருகத் தொடங்கினான்.

சூசைரட்ணம் எழுந்து உள்ளறைக்குப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அப்பா மேலதான் தப்பும்மா. அந்த மிஷின் பொய் சொல்லியிருக்கு. சனிக்கிழமை கிளாஸுக்குப் போ, நானே வந்து பஸ் ஏத்தி விடுறேன்."

"சரிப்பா" என்றாள் அனுஷ்கா. அவர் அவள் தலையைத் தடவினார்.

முன்னறையில் பவுலின் தர்ஷனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உள்ளறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பென் டிரைவை அவிழ்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஆறாவது மனு இதுல இருக்கு தம்பி."