மேலே யார் பெயர்?

பரணிலிருந்து இறக்கிய கம்ப்யூட்டர், சாய்வெயில் விழும் மேசையில் முனகிக்கொண்டே எழுகிறது. அண்ணன் அலங்கரித்த தொடக்கத் திரை. பின்னால் எங்கள் மொட்டைமாடி வானம், நடுவில் மஞ்சள் எழுத்தில் இரண்டு பெயர்கள், அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பத்து நொடி சும்மா இருந்தால் மேலே இருப்பவருடைய பக்கம் தானாகத் திறந்துவிடும். அந்த இடத்துக்காக நாங்கள் போடாத சண்டையில்லை, ஒருநாளும் விட்டுக்கொடுக்கமாட்டான். இப்போது மேலே நிற்பது ‘குள்ளச்சி’. நான்தான். என்னிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகுமுன் மாற்றியிருக்கிறான். ஒன்பது, எட்டு என்று எண் இறங்குகிறது. “இதுல உள்ளத எல்லாம் அழிச்சிட்டு புதுசா போட்டுரலாமாக்கா?” என்கிறார் சரிபார்க்க வந்த மெக்கானிக். “கொஞ்சம் இருங்க.” கீழ் அம்புக்குறியை அழுத்துகிறேன். எண் நின்றுவிடுகிறது. என் பெயர்மேல் இருந்த வெளிச்சப் பட்டை இறங்கி ‘அண்ணன்’மேல் உட்காருகிறது.