இரு முனையும் இறுகியது

2006 ஜனவரி 9, ஓசூர் சிப்காட். புது மெஷினுக்கு எட்சன் போட்ட வரைபடத்தை முதலாளி தங்கதுரை ஏற்றுக்கொண்டபோது, முதலில் கைதட்டியவர் சௌந்தரராஜன்.

பதினாறு வருடமாக அங்கே மெஷின் வரைபவர் அவர். எட்சன் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் முதலாளி அவனைத் தன் காரிலேயே பெங்களூருக்கு அழைத்துப் போகிறார். சௌந்தரராஜன் அந்தக் காரில் ஒருநாளும் ஏறியதில்லை.

"சார், பால் ஸ்க்ரூவ ரெண்டு முனையிலயும் பேரிங் போட்டு இறுக்கிட்டேன். ஆடவே ஆடாது. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க சார்" என்றான் எட்சன்.

பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. மெஷினின் மேசையை நகர்த்தும் அந்த நீளத் திருகு ஓட ஓடச் சூடாகும்; சூடானால் நீளும்; நீள இடமில்லாவிட்டால் வளைந்து பேரிங்கில் சிக்கும். ஒரு முனையை நீள விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டும்போதே இழுத்து விறைப்பாக்கிப் பூட்டச் சொல்லியிருக்க வேண்டும். எட்சன் இரண்டையும் செய்யவில்லை.

"சூப்பர்ப்பா. கை வைக்க எடமே இல்ல."

கஸ்டமர் முன்னால் அவன் மாட்டிக்கொள்ளட்டும். அப்புறம் மெஷின் தன்னிடம் வராமல் எங்கே போகும்?

மெஷின் கட்டிய நாட்களில் எட்சன் அடிக்கடி செல்போனோடு வெளியே போனான். ஒருநாள், ஒன்றாம் தேதி, ஒன்றாம் தேதி என்று யாரிடமோ கன்னடத்தில் குழைந்துகொண்டிருந்தான். இன்னொரு கஸ்டமரையும் கைக்குள் போட்டுக்கொண்டான் போலிருக்கிறது! சௌந்தரராஜனுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் மூன்று, திங்கட்கிழமை. சோதனை ஓட்டம் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து கஸ்டமர்கள் வந்துகொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே மெஷின் ஓடியது. பேரிங் பெட்டியைத் தொட்ட ஃபிட்டர் மாரிசாமி கையை உதறினார்.

"என்னா சார் இது, டீய மேல வெச்சா ஆறவே ஆறாது போலக்குது!"

"புது மெஷின் அப்பிடித்தான்யா. ஓட்டு."

"ஸ்க்ரூ வேற மொனகுது. எட்சன் தம்பிய ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்களா? ஆளையே காணோம்."

"வரட்டும், வரட்டும். அவந்தான பதில் சொல்லணும்?"

கேட்டில் கார் சத்தம் கேட்டது. தங்கதுரை வேகமாக வந்து சௌந்தரராஜனை ஓரமாக இழுத்தார்.

"எட்சன் பேப்பர் போட்டுட்டாம்ப்பா. சனிக்கிழமையே பெங்களூர்ல வேலைக்குச் சேந்துட்டான். வெளிய தெரிஞ்சா ஆர்டர் போயிரும், மூச்சு விடாத."

"சார், அந்த ஸ்க்ரூ..." என்று சௌந்தரராஜன் தொடங்குவதற்குள் கஸ்டமர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். முதலாளி அவரை முன்னால் தள்ளினார்.

"இந்த மெஷின் முழுக்க இவரு டிசைன்தாங்க!"