பின்னாடி எதுக்கு பெல்ட்டு?

இடைநிறுத்தப்பட்ட ஓட்டுநர் உரிமத்தைத் திரும்ப வாங்க, அந்த டாக்ஸி ஓட்டுநருக்குப் பயிற்சி ஆசிரியையின் கையெழுத்து மட்டுமே பாக்கி. விபத்துக்குள்ளாகிப் பழுதுபார்த்த அதே காரில் ஏறியவர், சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் கொடுத்து மாட்டினார்.

"பின்னாடி பெல்ட் வேணாம்னு நீங்க சொல்லி, ஒரு அம்மா செத்தே போயிட்டாங்க. இன்னுமா இப்படி?" பக்கத்து இருக்கையில் தன் பெல்ட்டை மாட்டியபடி ஆசிரியை கோபமாகக் கேட்டார்.

"எல்லாரும் சொல்றதுதானே மேடம்? நான் சொன்னா மட்டும் குத்தமா? கையெழுத்தைப் போடுங்க, பொழப்பைப் பாக்கணும்."

"ஒரு உசிரு போயி, நீங்க கத்துக்கிட்டது இவ்வளவுதானா?"

அவர் சிரித்தபடி வண்டியை எடுத்தார். உடனே எச்சரிக்கை மணி அடித்தது. பின்னால் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று விளக்கு காட்டியது. பின்னால் ஒரு பை கூட இல்லை.

"சென்சார் கோளாறு மேடம்."

இரண்டு தெரு தாண்டியும் மணி ஓயவில்லை. ஆசிரியை திரும்பிப் பார்த்தார். பின் இருக்கையின் பெல்ட் மெல்ல இழுபட்டு, வெறுங்காற்றைச் சுற்றி வளைந்து, கொக்கியில் விழுந்தது. மணி நின்றது.

"பின்னாடி எதுக்குக்கா பெல்ட்டு?" என்றார் ஓட்டுநர், கொக்கிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே, வழக்கமான அலுப்போடு.

ஆசிரியை கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார். அதன் பிறகுதான் ஓட்டுநர், பின் இருக்கையைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார்.