முகத்துக்கு மணி இல்லை

மணி வைத்து லேஸ் பின்னுகிறவர்கள் மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்துவிட வேண்டும். கடைசியாகக் கோத்ததுதான் ஊசிக்கு முதலில் வரும். வாசல் திரைக்காக ஜெசிந்தாள் மீன்களைத்தான் நினைத்துக் கோத்தாள்; மத்தியான மயக்கத்தில் கை தன்போக்கில் போயிருக்கிறது. கீழிருந்து பின்னப் பின்ன, இரண்டு பாதங்கள் வந்தன. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

“எக்கா, இது கடலுக்குப் போயி திரும்பாத அத்தான் காலுல்லா?” தங்கை பிலோமி பதறினாள். “அறுத்துப் போட்டுட்டு புதுசா கோரு.”

“வாறவர எதுக்குட்டி தடுக்கணும்?”

முழங்கால் வந்தது, இடுப்பில் கட்டிய கட்டம்போட்ட சாரம் வந்தது, தோள்கள் வந்தன. கழுத்தோடு மணி தீர்ந்துபோயிற்று. அப்படியானால், எல்லாவற்றுக்கும் முன்னால் கோத்திருக்க வேண்டிய முகத்தை அவள் கோக்கவே இல்லை. ஜெசிந்தாள் கண்ணை மூடி அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். இல்லாத அந்தச் சுண்டுவிரல்தான் நினைவில் வந்தது.

முகத்துக்கான இடத்தை மணியில்லாமல் ஓட்டை ஓட்டையாகப் பின்னி முடித்து, திரையை வாசலில் தொங்கவிட்டாள். காற்றே இல்லை, ஆனாலும் மணிகள் சிணுங்கின. அந்தப் பக்கம் யாரோ வந்து, ஓட்டைகளுக்கு நேராக முகத்தை வைத்து நின்றார்கள்.