நித்திரை கெடுத்த ஜாஸ்

பிரித்தானிய விமானப்படையில் விமானியாக இருந்து ஓய்வுபெற்று, சொந்த ஊரான வேலணைக்கு வந்த குலசிங்கத்துக்கு, ஜாஸ் கேட்காமல் மத்தியானச் சோறு இறங்காது. இன்றும் பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு மதிலில் இருந்து சுதாகரனின் குரல் சீறியது.

"அண்ணை, உந்த ஊதலைக் குறையுங்கோ! நித்திரை கொள்ள ஏலாமக் கிடக்கு."

"நான் போர் விமானத்தின்ர இரைச்சலுக்கயே நித்திரை கொண்டனான். உமக்கு இந்தச் சின்னச் சத்தம் பெரிசோ?"

"விடிய வேலைக்குப் போகவேணும் அண்ணை. மனிசியும் எழும்பிட்டா."

"கோவிக்காதையும். இஞ்சால வாரும், ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டு கேளும். பிறகு நீரே சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்லுவீர்."

"வர ஏலாது அண்ணை."

குலசிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. எழும்பிப் போய், பத்து வருசமாகப் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டு மதிலில் பொருத்தியிருந்த கமராவை அண்ணாந்து பார்த்தார்.

"நீர் இருக்கிற ரொறன்ரோவில இப்ப விடியப்புறம் மூண்டு மணி. இந்தக் கமராவை நிப்பாட்டிப்போட்டுப் படுமன் ஐசே!"

கமராவின் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஜாஸ் கேக்கிறதெண்டா இஞ்சயே கேப்பனே அண்ணை! ஊர்ப் பனையோலைச் சத்தம் கேட்டு நித்திரை கொள்ளத்தானே கமரா பூட்டினனான்."